சொல்லிவிட்டு அருகில் இருந்தவர்

எங்கள் தொடர்மாடியில் குடியிருந்தவர்களுக்கு வரும் சாவுச் செய்திகள் எல்லாம் முதலில் அக்காவின் தொலைபேசிக்குத்தான் வரும். யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய தகப்பன் போய்விட்டார் என்றாலும், லண்டனில் ஒருவருடைய மகன் விபத்தில் சிக்கினான் என்றாலும், சொந்தக்காரர்கள் அந்த வீட்டுக்கு நேரே எடுக்கப் பயந்து மூன்றாம் மாடியில் இருந்த அவருக்கு எடுப்பார்கள். ஒருக்கால் போய்ச் சொல்லிவிடுங்கோ என்பார்கள். அவர் மறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சேலையை நேராக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் படியேறிப் போய்ச் சொல்வார்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் கட்டடம் இருந்தது. அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு திணைக்களத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். மகன்மார் இருவரும் கனடாவில். புருஷன் இளவயதிலேயே இறந்துவிட்டார் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

மற்றவர்கள் கெட்ட செய்தியைச் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம், கொஞ்சம் கடுமையாம் என்று படிப்படியாக இறக்கிக்கொண்டு போய்க் கடைசியில்தான் விஷயத்துக்கு வருவார்கள். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எனக்கு லண்டனில் ஒரு அண்ணன் இருந்தார். ஒரு காலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தபடி, "உம்மட அண்ணா செத்துப்போனார். விடியக்காலமை. மாரடைப்பு" என்றார்.

எனக்கு விளங்க முன்னமே அவர் என்னைக் கடந்து குசினிக்குள் போய், பொங்கிக்கொண்டிருந்த பாலின் கீழே அடுப்பை அணைத்தார். பிறகு முன்னறையில் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டிப்பிடிக்கவில்லை. நான் அழுதேன், பல்லைக் கடித்தேன், யாரையோ திட்டினேன். அவர் இருந்தார். வத்தளையிலிருந்து என் தங்கை பின்னேரம் வந்து சேர்ந்த பிறகுதான் எழுந்து போனார்.

வெகுநாள் அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சாவை அவரே கொண்டுவந்து என் வாசலில் வைத்தது போல ஒரு வெறுப்பு. பிறகுதான் யோசித்தேன். அவர் சொன்ன விதத்தில் எனக்குள் ஒரு நம்பிக்கை முளைத்து, அதை நானே பிடுங்கி எறிய வேண்டிய வேலை வரவில்லை.

ஐந்தாம் மாடியில் ஒரு மனிதர் இருந்தார். அவருடைய ஒரே மகன் வெளிநாட்டில் இறந்த செய்தியை அக்காதான் கொண்டுபோனார். அந்த மனிதர் கேட்டதும் கத்தினார். பொய் சொல்ல வந்தாயா என்று கேட்டு, கதவை முகத்தில் அடித்துச் சாத்தினார். அக்கா திரும்பி வரவில்லை. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். மத்தியானம் தாண்டி அந்தக் கதவு திறந்தது. மனிதர் ஒதுங்கி வழிவிட்டார். அக்கா எழுந்து உள்ளே போனார்.

அவருடைய செருப்புச் சத்தம் படியில் கேட்டால் பெண்கள் கைவேலையை விட்டுவிட்டுக் கதவைப் பார்ப்பார்கள். அது அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் சும்மா ஒரு விஷயத்துக்கு வரும்போது படிக்கட்டிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருவார். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, கறிவேப்பிலை கேக்கத்தான் வாறன்."

தன்னுடைய நோயையும் அவர் அப்படித்தான் சொன்னார். நாங்கள் இருவரும் லிஃப்டில் நின்றோம். நான் சந்தையில் மீன் நல்லதாக இல்லை என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். "எனக்கு ரத்தம் போகுது. மாதவிடாய் நிண்டு எத்தினையோ வருசம். இது கூடாத ரத்தம். நாளைக்கு டொக்டரிட்டப் போறன், நீரும் வாரும்" என்றார். லிஃப்ட் கதவு திறந்தது. இருவரும் அவரவர் வீட்டுக்குப் போனோம்.

மகன்மார் அங்கே இருந்துகொண்டு தொலைபேசியில் துடித்தார்கள். நான் அப்போது வேலையை விட்டிருந்தேன். ஆகவே கூடப் போகும் ஆளாக நான்தான் ஆனேன். ஸ்கான், பயொப்சி, திரும்ப ஸ்கான். ஆஸ்பத்திரி வாங்குப் பலகைகளில் இருந்து இருந்து எனக்கு இடுப்பு விட்டுப்போனது. அங்கே காத்திருப்பவர்களுக்கு ஒரே முகம். எந்த இனம், எந்த ஊர் என்று பார்க்கத் தோன்றாது. மேலே மின்விசிறி சுற்றும், யாரோ ஒருவருடைய பெயரைக் கூப்பிடுவார்கள், எல்லோரும் தலையை நிமிர்த்திவிட்டுத் திரும்பக் குனிவார்கள்.

பெரிய டொக்டர் ஒரு சிங்களப் பெண். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும், அவரும் எங்களைப் போலவே களைத்த மனுஷி. பயொப்சி முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, கருப்பையின் உட்சுவரில் ஒரு வளர்ச்சி, சில உயிர்க்கலங்கள் சரியில்லை என்று தொடங்கினார். அக்கா இடைமறித்து, கான்சர் என்றால் கான்சர் என்று சொல்லுங்கள் என்று சிங்களத்தில் கேட்டார். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். ஆம், கான்சர்தான் என்றார். அதன் பிறகு அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் மறைக்காமல் பேசினார்கள்.

கருப்பையை எடுத்தார்கள். அந்த வார்டில் அக்காவின் அடுத்த கட்டிலில்தான் ஸ்டெலா இருந்தாள். மட்டக்குளிக்காரி. நாற்பதுகளில் இருப்பாள். வத்தளைப் பக்கம் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் வேலை. கணவன் பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி ஏற்றி இறக்குபவன். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மகள். ஸ்டெலாவுக்கும் அதே கான்சர், அதே ஓப்பரேஷன். ஆனால் அவளுடைய கட்டி சிறியது, ஆரம்பத்திலேயே பிடிபட்டது. நுண்பெருக்கியில் பார்த்தபோது கலங்களும் சாதுவாகவே தெரிந்தனவாம். அக்காவுடையது பார்க்கவே பொல்லாததாக, கண்டபடி உருக்குலைந்து இருந்ததாம்.

ஆகவே வார்டில் ஸ்டெலாதான் சிரிப்பாள். ஆஸ்பத்திரிச் சோற்றைப் பகிடி பண்ணுவாள். தாதிமார் நடக்கிற மாதிரி நடந்து காட்டி, தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அக்காவுக்கு அவள் தைரியம் சொன்னாள். பயப்படாதீங்க அக்கா, எனக்குச் சுகமானா உங்களுக்கும் சுகமாகும் என்பாள். அக்காவைக் கண்டு பயப்படாத ஒரு ஆளை நான் அங்கேதான் பார்த்தேன். அவருடைய வேலை என்னவென்று அவளுக்குத் தெரியாதே.

வீட்டுக்கு வந்த பிறகும் கிளினிக் நாட்களில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ஒரு நாள் டொக்டர் அக்காவைக் கூப்பிட்டு விளக்கினார். முன்பெல்லாம் வெட்டியெடுத்த கட்டியின் உருவத்தை வைத்துத்தான் இது சாது, இது பொல்லாதது என்று பிரிப்பார்களாம். உருவம் சில வேளை ஏமாற்றிவிடும். அதனால் இப்போது கட்டியின் துண்டுக்குச் சாயம் ஏற்றி, எந்தப் புரதம் இருக்கிறது, எது இல்லாமல் போயிருக்கிறது, எது கெட்டிருக்கிறது என்று பார்க்கிறார்களாம். அந்த அடையாளங்கள் இந்த நோய் இனி எப்படி நடக்கும், திரும்பி வருமா வராதா என்பதை ஓரளவு முன்கூட்டியே காட்டுமாம். பி ஐம்பத்துமூன்று என்று ஒரு புரதம். அது கெட்டிருந்தால் கட்டி திரும்பி வரும் பயம் அதிகம். அக்காவுக்கு அது கெட்டிருந்தது.

ஓரளவு என்றால் எவ்வளவு என்று அக்கா கேட்டார்.

டொக்டர் கதிரையை எங்கள் பக்கம் திருப்பினார். நூறு பேரைச் சேர்த்து வைத்தால் அவர்களைப் பற்றி என்னால் பேச முடியும், உங்களை மட்டும் தனியே இருத்திக் கேட்டால் எனக்குத் தெரியாது என்றார். அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் வரும்போது, "நேர்மையான பிள்ளை" என்று இரண்டு தரம் சொன்னார்.

இன்னொரு சோதனையும் இருந்தது. கட்டியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது. அதை இந்தியாவுக்கு அனுப்பித்தான் செய்ய வேண்டும். அந்த மாற்றம் இருந்துவிட்டால், பார்க்க எவ்வளவு கோரமான கட்டியானாலும், மற்ற அடையாளம் கெட்டிருந்தாலும்கூட, பெரும்பாலும் திரும்பி வராதாம். அந்த மரபணுவின் பெயரை டொக்டர் போலீ என்று உச்சரித்தார். அக்கா என்னைப் பார்த்து, "பேரே போலி. அதையோ நம்பச் சொல்லுறா?" என்று தமிழில் சொல்ல, டொக்டர் என்ன பகிடி என்று கேட்டு, விளங்கியதும் தானும் சிரித்தார். அந்த அறையில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

மகன்மார் உடனே அனுப்பச் சொன்னார்கள். அன்று வெளியே வந்தபோது ஸ்டெலாவின் கணவன் நடைபாதைத் தூணோடு சாய்ந்து நின்றான். சந்தையிலிருந்து நேரே வந்திருந்தான், உடம்பில் மீன் வாடை. டொக்டர் அவனைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். ஸ்டெலாவின் சாதுவான சின்னக் கட்டியிலும் அதே ஐம்பத்துமூன்று கெட்டிருந்தது. கட்டாயம் மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. சத்து ஊசின்னு சொல்லி ஏத்திருவம். தெரிஞ்சா அவ ஒடஞ்சிருவா" என்றான்.

அக்கா அவனுக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஸ்டெலாவின் துண்டையும் தன்னுடையதோடு சேர்த்து அனுப்பலாமா என்று மட்டும் கேட்டார். அதற்கும் காசு தர மகன்மாரும் சம்மதித்தார்கள். வழக்கமான பேப்பர் என்று நினைத்து ஸ்டெலா கையெழுத்துப் போட்டாள்.

முடிவுகள் வர வாரக்கணக்கானது. இதற்கிடையில் ஸ்டெலா கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தனக்குச் சுகமாகிவிட்டது, சத்து ஊசி எதற்கு, லீவு போதாது, மகளின் பரீட்சை வருகிறது என்று காரணங்கள். கணவன் கெஞ்சிப் பார்த்தான், சண்டை பிடித்துப் பார்த்தான், விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. மருந்து தொடங்க வேண்டிய நாள் கடந்து போனது.

அந்த வாரம்தான் இந்தியாவிலிருந்து இரண்டு முடிவுகளும் சேர்ந்து வந்தன. அக்காவுடையதில் அந்த மாற்றம் இருந்தது. ஸ்டெலாவுடையதில் இல்லை.

டொக்டரின் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது. மற்ற டொக்டர்மாரோடும் கதைத்தேன், உங்களுக்குக் கீமோ தேவையில்லை, காலத்துக்குக் காலம் வந்து காட்டினால் போதும் என்றார். அக்கா தலையாட்டினார். சந்தோஷப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து, தண்ணீர் குழாயடியில் முகம் கழுவிவிட்டு, மட்டக்குளிக்குப் போவோம் என்றார்.

புறக்கோட்டையில் இறங்கி வேறு பஸ் ஏறினோம். நல்ல வெயில். அவர் ஜன்னலோரம் இருந்து கண்ணை மூடிக்கொண்டார். கணவன் சொல்ல வேண்டாம் என்றானே, நாங்கள் யார் சொல்ல என்று நான் கேட்டேன். "சாகப்போறது ஆர்? அவனோ?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

அது தோட்டம் என்று அழைக்கப்படும், வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகளின் குடியிருப்பு. நடைபாதை முழுக்க உடுப்புக் காய்ந்தது, யார் வீட்டிலோ ரேடியோ பாடியது. எங்களைக் கண்டதும் ஸ்டெலாவுக்கு ஒரே பூரிப்பு. கதிரையில் கிடந்த துணிகளை அள்ளி ஒதுக்கினாள். இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். கணவன் வேலையில். அக்கா கோப்பையைக் கையில் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்.

"ஸ்டெலா, உங்கட கட்டி சின்னன்தான். ஆனா கூடாத சாதி. திரும்பி வரக்கூடியது. சத்து ஊசி இல்லை, அது கான்சருக்கு ஏத்திற மருந்து. ஏத்தாட்டி ஆபத்து. உங்கட மனுசனுக்கு இது தெரியும். உங்களுக்குச் சொல்லப் பயந்து மறைச்சவர்."

ஸ்டெலா சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. தன் வயிற்றை, அந்தத் தையல் இருந்த இடத்தை, சட்டைக்கு மேலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "உங்களுக்கு என்ன சொன்னாங்க அக்கா?" என்று கேட்டாள்.

அவர் தடுமாறியதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அது வேற மாதிரி என்றார். வேறு ஒரு சோதனை செய்ததாகத் தொடங்கினார், நிறுத்தினார். எத்தனையோ வாசல்களில் நின்று சாவைச் சொன்னவர், தனக்கு வந்த நல்லதைச் சொல்ல வழி தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துத் திருகினார்.

"எனக்கு நல்லது எண்டு வந்திருக்கு" என்றார் கடைசியில்.

ஸ்டெலா அவரையே பார்த்தாள். "அப்ப நீங்க இனிமே அங்க வர மாட்டீங்க தானே" என்றாள்.

அன்று பின்னேரம் அவளுடைய கணவன் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினான். இனி எங்கள் வீட்டு வாசலில் காலடி வைக்கக்கூடாது என்றான். அக்கா கடைசிவரை கேட்டார். சரி, வீட்டுக்கு வரவில்லை, கிளினிக்குக்கு வருவேன் என்று மட்டும் சொன்னார்.

ஸ்டெலா மருந்து ஏற்ற வந்தாள். அக்காவும் போனார். மருந்தே தேவையில்லாத மனுஷி மருந்து ஏற்றும் வார்டின் வாசலில் ஒவ்வொரு முறையும் நாள் முழுக்க இருந்தார். தொடக்கத்தில் ஸ்டெலா அவரோடு பேசவில்லை. அக்கா அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை, பக்கத்து வாங்கில் இருந்தார். மூன்றாம் தடவையோ என்னவோ, தலைமயிர் முழுக்கக் கொட்டியிருந்த ஸ்டெலா வாந்தி எடுக்கும்போது அவருடைய கையைத்தான் எட்டிப் பிடித்தாள். அதற்குப் பிறகு கணவனும் சும்மா இருந்தான். சில நாட்களில் சந்தையிலிருந்து மீன் கொண்டுவந்து அக்காவின் பையில் வைத்துவிட்டுப் போவான்.

எனக்கு அலுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த ஆஸ்பத்திரியின் வாசனையே எனக்குப் பிடிக்காமல் போனது. உங்களுக்கும் முழங்கால் வலி, ஏன் இப்படி அலைகிறீர்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள், அவளுக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிப் பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லிப்போட்டுப் போகேலாது" என்றார். "இதில எழும்பிப் போற நேரம் எப்ப எண்டுதான் எனக்கும் விளங்கேல்லை."

மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, ஸ்டெலாவுக்கு மயிர் சுருள் சுருளாக முளைத்தது. வேலைக்குத் திரும்பினாள். மகள் பரீட்சையில் நன்றாகச் செய்து, கேக் கொண்டு எங்கள் கட்டடத்துக்கு வந்தாள். இரண்டு வருஷம் போல நல்லபடியாகப் போனது. ஐம்பத்துமூன்றை நாங்கள் மறந்துவிட்டோம் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு இருமல் தொடங்கியது. ஸ்கான் எடுத்தார்கள். சுவாசப்பையில் வந்திருந்தது. டொக்டர் நடைபாதையில் வைத்துக் கணவனிடமும் அக்காவிடமும் சொன்னார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனாகவே, நீங்களே போய்ச் சொல்லுங்க அக்கா என்றான்.

அவர் வார்டுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். ஸ்டெலா தலையணையில் சாய்ந்திருந்தாள், மிகவும் மெலிந்துபோயிருந்தாள். அக்கா கட்டிலருகே நின்று வாயைத் திறக்க முன்னமே அவள் கையை உயர்த்தினாள்.

"இன்னைக்கு ஒண்ணும் சொல்ல வேணாம் அக்கா. எனக்குத் தெரியும். சும்மா இருங்க. வேற ஏதாவது கதைங்க."

அக்கா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவருக்குச் சும்மா கதைக்கத் தெரியாது. மழையைப் பற்றித் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார், பஸ்ஸைப் பற்றித் தொடங்கி அதையும் நிறுத்தினார். ஸ்டெலா கண்ணை மூடிக் காத்திருந்தாள். பிறகு அவர் தன் புருஷனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவ்வளவு காலம் பக்கத்தில் இருந்த எனக்கும் அது புதுக் கதை.

அவர்கள் அப்போது கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்தார்களாம். புருஷன் வேலை விஷயமாக வவுனியாவுக்குப் போன இடத்தில் பஸ் கவிழ்ந்து இறந்துவிட்டார். செய்தி வீட்டாருக்கு உடனே வந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் சொல்லவில்லை. கையில் குழந்தை, வயிற்றில் ஒன்று, தாங்க மாட்டாள் என்று எல்லோரும் சேர்ந்து மறைத்தார்கள். உடலைக் கொண்டுவரத் தாமதமானது. அந்த நாட்கள் முழுக்க வீட்டில் ஆட்கள் வந்தபடி இருந்தார்களாம். அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார். தலையில் பூ வைத்துக்கொண்டு, புருஷன் வந்தால் தர வேண்டும் என்று பலகாரம் சுட்டார். வந்தவர்கள் அந்தப் பலகாரத்தைச் சாப்பிட்டார்கள்.

"என்னை விசரி, பைத்தியக்காரி ஆக்கிப் போட்டினம் எண்டு எத்தினை வருசம் கோபத்தோட இருந்தன் தெரியுமோ? அதாலதான் நான் ஆருக்கும் ஒண்டையும் மறைக்கிறேல்லை" என்றார். பிறகு கதிரையைக் கட்டிலோடு நெருக்கி இழுத்தார். "ஆனா ஸ்டெலா, ஒண்டை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அந்த நாளெல்லாம் நான் நல்ல சந்தோசமா இருந்தனான். அவர் வருவார், வருவார் எண்டு. அதுக்குப் பிறகு அப்பிடி ஒரு சந்தோசம் எனக்கு வரேல்லை."

ஸ்டெலா கண்ணைத் திறக்கவில்லை. என்ன பலகாரம் என்று கேட்டாள்.

பயற்றம்பணியாரம் என்றார் அக்கா. எப்படிச் செய்வது என்று கேட்டாள். பயறு வறுப்பதிலிருந்து தொடங்கி, பாகு காய்ச்சும் பதம்வரை அவர் விவரமாகச் சொன்னார். சுவாசப்பையைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. ஸ்டெலா மாரிகாலம் முடிய முன்னமே போய்விட்டாள். மட்டக்குளிக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்து, மாதம்பிட்டியில் அடக்கம் செய்தார்கள். மகள் அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

அதன் பிறகு எங்கள் கட்டடத்துக்கு வரும் செய்திகளை அவர் கொண்டுபோகவில்லை. யாராவது தொலைபேசியில் கேட்டால், வேறு ஆரையும் கேளுங்கோ, எனக்கு ஏலாது என்பார். கொஞ்ச நாளில் அவருக்குத் தொலைபேசி எடுப்பதையும் விட்டுவிட்டார்கள். படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் யாரும் கைவேலையை விடவில்லை.

அவருடைய நோய் திரும்பி வரவில்லை. காலத்துக்குக் காலம் போய்க் காட்டினார், எல்லாம் சுத்தம் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். மகன்மார் கனடாவுக்குக் கூப்பிட்டு எல்லாம் சரிவந்த ஆண்டு, கடைசித் தடவையாகப் போனோம். டொக்டரின் தலையிலும் நரை கண்டிருந்தது. ஐந்து வருஷம் தாண்டிவிட்டது, இனி நீங்கள் இங்கே வரத் தேவையில்லை என்று எழுந்து நின்று அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னார்.

கீழே இறங்கி வந்தோம். வாசலுக்குப் போகாமல் அவர் நடைபாதை வாங்கில் உட்கார்ந்தார். களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் இருந்துவிட்டுப் போவோம் என்றார். பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண், மடியில் எக்ஸ்ரே உறையோடு இருந்தார். எங்கள் முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள்.

"ரிப்போட் வந்திச்சா தாத்தா? என்ன சொன்னாங்க?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்.

"இனி வரத் தேவையில்லையாம்" என்றார் அக்கா. சொல்லி முடிக்க முன்னமே அவருடைய முகம் உடைந்தது. சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். எத்தனையோ பேருடைய அழுகைக்குப் பக்கத்தில் இருந்தவர் தான் அழுது நான் அதுவரை கண்டதில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையை இரண்டு விதமானவர்களுக்குச் சொல்வார்கள். சுகமானவர்களுக்கும், இனிச் செய்ய ஒன்றும் இல்லாதவர்களுக்கும். அந்தப் பெண் அக்காவின் கண்ணீரைப் பார்த்துவிட்டு இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டார். எக்ஸ்ரே உறையை ஒதுக்கி வைத்துவிட்டு, அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கட வாப்பாக்கும் இப்பிடித்தான் சொல்லி அனுப்பினாங்க. அதுக்குப் பொறகும் நல்லா இருந்தாரு. அல்லா இருக்கான் தாத்தா" என்றார்.

இல்லை, இவருக்குச் சுகமாகிவிட்டது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அப்பிடியோ?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். "எவ்வளவு காலம் இருந்தவர்?"

அந்தப் பெண் தன் தகப்பனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிடும்வரை அக்கா தன் கையை எடுக்கவில்லை.